ஜனாதிபதி விருது வாங்கிய சாரணச் சிறுவர்கள்: சான்றிதழ் பீரோவில், பழக்கம் கையில்!

சென்னை,

பள்ளிக்கூடத்தில் சாரணர் படையில் சேருகிற பையன்கள் ஏராளம். கடைசிப் படி வரை ஏறுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அந்தக் கடைசிப் படிக்குப் பெயர் "ராஷ்டிரபதி விருது". நாட்டின் ஜனாதிபதி கையெழுத்துடன் வரும் சான்றிதழ் அது. பத்தாம் வகுப்பிலோ பிளஸ்-டூவிலோ படிக்கும் ஒரு சாதாரண வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய கையெழுத்து கிடைத்துவிடாது.

ஆனால் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "அத வாங்கினா என்னங்க லாபம்?"

நியாயமான கேள்விதான். வெயிலில் நிற்க வேண்டும். முகாமுக்குப் போக வேண்டும். பல வருஷம் விடாமல் உழைக்க வேண்டும். கடைசியில் கையில் கிடைப்பது ஒரு காகிதம், ஒரு பேட்ஜ்.

விருது வாங்கிப் பல வருஷம் ஆனவர்கள் நகரில் ஆங்காங்கே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால், காகிதத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வேறு எதையோ பேசுகிறார்கள்!

ஒவ்வொரு படியாக...

சாரணர் இயக்கத்தில் திடீரென்று யாரும் மேலே போய்விட முடியாது. முதலில் "பிரவேஷ்". அதாவது நுழைவு. பிறகு "பிரதம சோபான்", "துவிதிய சோபான்", "திருதிய சோபான்" என்று மூன்று. "சோபான்" என்றால் படி என்று பொருள்.

மூன்று படி தாண்டியவர்களுக்கு அடுத்தது "ராஜ்ய புரஸ்கார்". இது மாநில விருது. கவர்னர் கையெழுத்து போட்ட சான்றிதழ் வரும். அதற்கும் மேலே இருப்பதுதான் ராஷ்டிரபதி விருது.

பெண் பிள்ளைகளுக்கும் இதே ஏணிதான். அவர்களுக்குப் பெயர் சாரணியர்.

ஒவ்வொரு படிக்கும் சோதனை உண்டு. கயிற்றில் முடிச்சுப் போட வேண்டும். வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிக்க வேண்டும். கூடாரம் அடிக்க வேண்டும். விறகு மூட்டிச் சமைக்க வேண்டும். அடிபட்டவருக்குக் கட்டுப் போட வேண்டும்.

எழுதிக் காட்டினால் மட்டும் போதாது. செய்து காட்ட வேண்டும்!

"பரீட்சையில காப்பி அடிக்கலாம். கயித்துல காப்பி அடிக்க முடியுமா? முடிச்சு அவுந்துடுச்சுன்னா எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சிடும்" என்று சிரிக்கிறார், வடசென்னைப் பள்ளி ஒன்றின் சாரண ஆசிரியர்.

அடையாறில் தொடங்கிய கதை

இந்த இயக்கத்துக்கும் சென்னைக்கும் பழைய தொடர்பு உண்டு.

பேடன் பவல் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, 1907-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தில் பிரவுன்சி என்ற தீவில் சுமார் 20 பையன்களை வைத்து ஒரு முகாம் நடத்தினார். பணக்கார வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் படுத்தார்கள். அதுதான் ஆரம்பம்.

1909-ல் பெங்களூரில் சாரணர் படை வந்துவிட்டது. ஆனால் அதில் சேர முடிந்தது வெள்ளைக்காரப் பிள்ளைகளும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளும்தான். நம் பையன்களுக்கு இடம் இல்லை!

அன்னிபெசன்ட் அம்மையார் சும்மா இருப்பாரா? ஜார்ஜ் அருண்டேலுடன் சேர்ந்து, 1916-ம் ஆண்டு சென்னையில் இந்தியப் பையன்களுக்கென்றே ஒரு சாரணர் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். அந்தப் பையன்கள் தலையில் தொப்பிக்குப் பதில் தலைப்பாகை கட்டினார்கள். இந்தியப் பாட்டுகளைப் பாடினார்கள்.

1921-ல் பேடன் பவலே இந்தியா வந்தார். கதவு திறந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு, தனித்தனியாக இருந்த சங்கங்கள் 1950-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி ஒன்று சேர்ந்தன. அடுத்த ஆண்டு சுதந்திர தினத்தன்று பெண்கள் அமைப்பும் வந்து சேர்ந்தது. அதுதான் இன்றுள்ள "பாரத சாரண சாரணியர் இயக்கம்".

அந்த இயக்கத்தின் வைர விழாப் பெருந்திரளணி 2025-ம் ஆண்டு ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை திருச்சி மாவட்டம் மணப்பாறையில் நடந்தது. நாட்டின் பல மாநிலங்களில் இருந்தும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்து கூடாரம் அடித்துத் தங்கினார்கள்.

ரெயில்வே வேலை உண்டா?

உண்டு. ஆனால் எல்லோருக்கும் இல்லை.

ரெயில்வேயில் சாரணர்களுக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. ராஷ்டிரபதி விருது வாங்கியவர்கள், அல்லது இமாலய உட்பேட்ஜ் என்ற உயர் பயிற்சி முடித்தவர்கள்தான் மனுப் போடலாம். அதோடு கடந்த ஐந்து வருஷமாக இயக்கத்தில் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். அகில இந்திய, மாநில அளவிலான முகாம்களுக்குப் போய் வந்த சான்றிதழ்கள் வேண்டும். எழுத்துத் தேர்வும் உண்டு.

பெரம்பூர், அயனாவரம் பக்கம் ரெயில்வே குடும்பங்களில் சாரணர் படைக்கு மவுசு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ரெயில்வே மண்டலங்கள் சாரணர் இயக்கத்தில் தனித்தனி மாநிலங்களாகவே கணக்கில் வருகின்றன என்பது பலருக்குத் தெரியாத சங்கதி.

ஆனால் ஒவ்வொரு தடவையும் வரும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மனுப் போடுகிறவர்களோ ஏராளம்.

"வேலைக்காகன்னு மட்டும் பையன சேக்குறீங்களா? வேண்டாம். ஏமாந்து போவீங்க" என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதாகக் கூறுகிறார், அந்தச் சாரண ஆசிரியர்.

வேலை கிடைக்காதவர்

ஜாபர்கான்பேட்டையில் ஒரு வாலிபர் இருக்கிறார். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கூரியர் கம்பெனியில் வேலை. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

இவரும் ராஷ்டிரபதி விருது வாங்கியவர்தான். ரெயில்வே ஒதுக்கீட்டில் இரண்டு தடவை முயற்சி செய்தார். இரண்டு தடவையும் கிடைக்கவில்லை.

"வீட்டுல ஒரே திட்டு. 'முகாம் முகாம்னு சுத்தினியே, என்னத்த கண்ட?'ன்னு அப்பா கேப்பாரு. எனக்கும் வெறுத்துப் போச்சு. சர்ட்டிபிகேட்ட பீரோவுல துணிக்கடியில வெச்சிட்டேன்" என்கிறார்.

2015-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அடையாறு கரை புரண்டது. ஜாபர்கான்பேட்டைத் தெருக்களில் தண்ணீர் புகுந்தது. மின்சாரம் போனது. போன் வேலை செய்யவில்லை.

இவர் வசித்த சந்தில் இடுப்பளவு தண்ணீர். வயதானவர்கள் சிலர் கீழ்த்தளத்தில் மாட்டிக்கொண்டார்கள். வாலிபர்கள் ஆளாளுக்கு ஓடினார்கள். கூச்சல் போட்டார்கள். யார் எதைச் செய்வது என்று யாருக்கும் புரியவில்லை.

"ஒரு நிமிஷம் நின்னேன். முகாம்ல சொல்லிக் குடுத்த மாதிரியே ஆளப் பிரிச்சேன். நீ கயித்தக் கொண்டா. நீ மொட்டமாடி வீட்டச் சாவி வாங்கித் தொற. நீ குழந்தைங்களப் பாத்துக்க. அவ்வளவுதான். எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு, எல்லாரும் கேட்டாங்க!"

இரு பக்கமும் கயிறு கட்டினார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூட்டி வந்தார்கள். நடக்க முடியாத ஒரு பாட்டியின் இடுப்பில் "போலைன்" முடிச்சுப் போட்டுத் தூக்கினார்கள்.

அது ஏன் அந்த முடிச்சு? எவ்வளவு இழுத்தாலும் வளையம் சுருங்காது. சாதாரணச் சுருக்கு முடிச்சு போட்டிருந்தால், இழுக்க இழுக்க இடுப்பை நெரித்துவிடும்!

"பாட்டியத் தூக்கினப்ப யாரும் சர்ட்டிபிகேட்டக் கேக்கல சார்" என்கிறார் அவர். "அதுக்கப்புறம் அப்பா அந்தப் பேச்சே எடுக்கிறதில்ல."

கழுத்துத் துணி எதற்கு?

சாரணர்களைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது கழுத்தில் கட்டிய ஸ்கார்ப். அழகுக்காகக் கட்டியிருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள்.

அவிழ்த்து விரித்தால் அது முக்கோணத் துணி. கை ஒடிந்தவனுக்குத் தொட்டில் கட்டலாம். தலையில் அடிபட்டால் கட்டுப் போடலாம். மடித்தால் பட்டை. காலை அசையாமல் கட்டலாம். ஒரு பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்தால், ஆஸ்பத்திரி போகிற வரைக்கும் அதுவே கட்டை!

கட்டின் நுனியை "ரீப்" முடிச்சால் முடிக்க வேண்டும். அது தட்டையாக இருக்கும். உடம்பில் உறுத்தாது. இப்படி ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

இதையெல்லாம் ஒரு நாள் படித்துவிட்டு மறந்துபோவது சுலபம். ஆனால் ராஷ்டிரபதி வரை போகிறவன் ஒரே முடிச்சைப் பல வருஷம் போட்டிருப்பான். தனக்குக் கீழே உள்ள சிறுவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருப்பான். அதனால்தான் இருபது வருஷம் கழித்தும் கை மறப்பதில்லை.

இங்க் வேண்டாம், குழாயடிக்குப் போ!

பெரம்பூரில் வசிக்கும் ஓய்வு பெற்ற ரெயில்வே ஊழியர் ஒருவர், தன் வீட்டில் நடந்ததைச் சொல்கிறார்.

பேத்தி கையில் கொதிக்கும் ரசம் கொட்டிவிட்டது. குழந்தை அலறியது. பக்கத்து வீட்டு அம்மாள் இங்க் புட்டியோடு ஓடி வந்தார். இன்னொருவர் பற்பசை. இன்னொருவர் மாவு.

"எல்லாரையும் தள்ளச் சொன்னேன். குழந்தையத் தூக்கிட்டு நேரா குழாயடி. கைய தண்ணிக்கு அடியில காட்டினேன். இருபது நிமிஷம். நகரவே இல்ல. அப்புறம் சுத்தமான துணியால லேசா மூடி ஆஸ்பத்திரி."

டாக்டர்களும் இதையேதான் சொல்கிறார்கள். தீக்காயத்துக்குக் குழாய்த் தண்ணீர்தான் முதல் மருந்து. இங்க், பற்பசை, மாவு எதுவும் தடவக் கூடாது. பாம்பு கடித்தால் கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. கடிபட்டவரை அசையாமல் படுக்க வைத்து, சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தண்ணீரில் தத்தளிப்பவனைக் கண்டால் உடனே குதிக்கக் கூடாது. கம்பையோ கயிற்றையோ நீட்ட வேண்டும். மூச்சும் பேச்சும் நின்று விழுந்தவருக்கு நெஞ்சின் நடுவே, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, சுமார் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அழுத்த வேண்டும்.

சாரணர் படையில் சில விஷயங்கள் காலப்போக்கில் மாறியிருக்கின்றன. அன்று சொன்ன முதலுதவி எல்லாமே இன்றும் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "அதனாலதான் அப்பப்ப புதுசாத் தெரிஞ்சுக்கணும். தயாரா இருன்னு சொன்னாங்களே, அதுக்கு அர்த்தம் அதுதான்" என்கிறார் அந்தப் பெரியவர்.

தலைவன் பாத்திரம் கழுவ வேண்டும்

சாரணர் படையில் பையன்களைச் சிறு சிறு அணியாகப் பிரிப்பார்கள். ஓர் அணிக்கு ஆறு முதல் எட்டுப் பேர். அவர்களிலேயே ஒருவன் தலைவன். மேல்படிக்குப் போகிறவன் பெரும்பாலும் தலைவனாக இருந்தே ஆக வேண்டி வரும்.

தலைவன் என்றால் அதிகாரம் என்று நினைத்து வருகிறவன் முதல் முகாமிலேயே தெரிந்துகொள்வான். எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் தலைவன் சாப்பிட வேண்டும். பாத்திரம் கழுவ ஆள் குறைந்தால் தலைவன் கழுவ வேண்டும். அழுகிற சின்னப் பையனைத் தேற்ற வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சாக இருக்கும் முன்னாள் சாரணி ஒருவர் சொல்கிறார்: "நான் ரொம்பக் கூச்ச சுபாவம். வீட்டுக்கு யாராவது வந்தா உள்ள ஓடிடுவேன். முகாம்ல ஏழு பொண்ணுங்களுக்கு நான் லீடர். இந்தி பேசுற பொண்ணு, மலையாளம் பேசுற பொண்ணு, எல்லார்கிட்டயும் பேசித்தான் ஆகணும். இன்னிக்கு ராத்திரி டியூட்டியில தனியா நாப்பது பேஷண்ட பாக்குறேன்னா, அந்தத் தைரியம் அங்க வந்ததுதான்."

அமெரிக்காவின் "கழுகு"

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் சாரணர்களின் மேல்படிக்குப் பெயர் "ஈகிள்", அதாவது கழுகு. 18 வயது முடிவதற்குள் 21 பேட்ஜ்களாவது வாங்க வேண்டும். அதோடு ஊருக்குப் பயன்படும் ஒரு வேலையைத் தானே திட்டம் போட்டு, ஆள் சேர்த்து, நடத்திக் காட்ட வேண்டும்.

முதல் "கழுகு" ஆர்தர் எல்ட்ரெட் என்ற பையன். ஆண்டு 1912. அதே ஆண்டு, தண்ணீரில் மூழ்கிய இன்னொரு சாரணனைக் காப்பாற்றியதற்காகவும் அவனுக்குப் பதக்கம் கிடைத்தது.

1969-ல் சந்திரனில் முதல் காலடி வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் ஒரு கழுகுச் சாரணர். ஜனாதிபதியாக இருந்த ஜெரால்டு போர்டும் அப்படியே. அமெரிக்க ராணுவத்தில் சிப்பாயாகச் சேருகிற கழுகுச் சாரணருக்கு ஆரம்பத்திலேயே ஒரு படி மேலான சம்பளம் கிடைக்க வழி உண்டு.

போர்டு 2006-ம் ஆண்டு டிசம்பரில் காலமானார். சொந்த ஊரில் இறுதி ஊர்வலம் போனபோது, நூற்றுக்கணக்கான கழுகுச் சாரணர்கள் வழிநெடுக நின்று மூன்று விரலால் சல்யூட் அடித்தார்கள். ஜனாதிபதி பதவியில் இருந்தது மூன்று வருஷம்கூட இல்லை. சாரணர் பட்டமோ சாகும்வரை கூடவே வந்தது!

பெண் பிள்ளைகளுக்கும் அங்கே இந்தப் பட்டம் திறந்துவிடப்பட்டது. முதல் தொகுதிப் பெண்கள் 2021-ல் கழுகுச் சாரணர் ஆனார்கள்.

பட்டம் மட்டும் போதாது

எல்லாம் நல்லதுதான் என்று கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. அதே அமெரிக்காவில், சிறு வயதில் சாரணர் படையில் தங்களுக்குப் பாலியல் கொடுமை நடந்ததாக 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புகார் கொடுத்தார்கள். அந்த இயக்கம் 2020-ல் திவால் மனுப் போட வேண்டியதாயிற்று.

எனவே பிள்ளையை எந்த முகாமுக்கு அனுப்பினாலும், கூட வருகிற ஆசிரியர் யார், எங்கே தங்குகிறார்கள், எத்தனை பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று பெற்றோர் கேட்க வேண்டும். கேட்டால் கோபிக்கிறவர்களிடம் பிள்ளையை அனுப்பக் கூடாது.

அம்மாவின் கவலை

எல்லாப் படியும் ஏறிவிட்டு, கடைசிப் படியில் நின்றுவிடும் பிள்ளைகள்தான் சென்னையில் அதிகம் என்கிறார் சாரண ஆசிரியர்.

காரணம் சோம்பல் இல்லை. ராஷ்டிரபதி சோதனைக்குத் தயாராகும் வயதும், பத்தாம் வகுப்பு, பிளஸ்-டூ பரீட்சை வரும் வயதும் ஒன்று!

வியாசர்பாடியில் ஒரு தாய் வெளிப்படையாகவே பேசுகிறார்: "வீட்டு வேல செஞ்சு படிக்க வெக்கிறேன். டியூஷனுக்குப் பணம் கட்டியிருக்கு. இந்த நேரத்துல கேம்ப்புன்னு ஒரு வாரம் போனா மார்க்கு போயிடாதா? இவ்வளவு நாள் போனான், நான் ஒண்ணும் சொல்லல. இப்ப போக வேணாம்னு சொல்லிட்டேன். அவன் ரெண்டு நாள் சாப்பிடல."

அந்தத் தாய் சொல்வதைத் தப்பு என்று யார் சொல்ல முடியும்? மார்க் போனால் காலேஜ் போகும். அவருக்கு இருப்பது ஒரே பிள்ளை.

ஆசிரியர் ஒரு யோசனை சொல்கிறார். கடைசி நேரத்தில் ஓடினால்தான் இந்தத் தொல்லை. பத்து வயதில் சேர்ந்து, வருஷா வருஷம் ஒழுங்காகப் படி ஏறிய பிள்ளை, ஒன்பதாம் வகுப்புக்குள்ளேயே பாதிக்கு மேல் முடித்துவிடலாம். ஆறாம் வகுப்பில் சேர்த்தால் நிதானமாகப் போகலாம். ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தால் மூச்சு வாங்கும்.

"நடுவுல நின்னவன் வீணாப் போயிட்டான்னு நான் சொல்ல மாட்டேன்" என்கிறார் அவர். "மூணாவது சோபான் வரைக்கும் வந்தவனுக்கும் கட்டுப் போடத் தெரியும். ஆனா கடைசி வரைக்கும் போனவனுக்கு இன்னொண்ணு கூடுதலாக் கிடைக்கும். ஆரம்பிச்சத முடிச்சேன்ங்கற நெனப்பு. அது அவனுக்கு அப்புறம் எங்க போனாலும் உதவும்."

வியாசர்பாடிப் பையன் விஷயத்தில் இன்னும் முடிவாகவில்லை. பரீட்சை முடிந்ததும் அடுத்த சோதனை முகாமுக்கு அனுப்பலாமா என்று ஆசிரியரும் தாயும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வயது தாண்டிவிடக் கூடாதே என்பதுதான் இப்போதைய கவலை.

சேருவது எப்படி?

பிள்ளை படிக்கும் பள்ளியில் சாரணர் படை இருக்கிறதா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்க வேண்டும். இருந்தால் அங்கேயே சேரலாம். இல்லாவிட்டால், பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று மாவட்டச் சாரணர் அமைப்பில் விசாரிக்கலாம்.

பத்து வயதுக்குக் கீழே உள்ள பையன்களுக்குக் "குருளையர்" என்றும், பெண் குழந்தைகளுக்கு "நீலப்பறவையர்" என்றும் தனிப் பிரிவு உண்டு. பள்ளிப் படிப்பு முடித்த வாலிபர்களுக்குத் "திரிசாரணர்" பிரிவு இருக்கிறது. அதிலும் ராஷ்டிரபதி விருது வாங்கலாம்.

சேரும்போது பெற்றோர் மூன்று விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அடுத்த படிக்கு எத்தனை மாதம் ஆகும்? முகாம் எந்த மாதத்தில் வரும்? கடைசிச் சோதனைக்கு வயது வரம்பு என்ன? இந்த மூன்றையும் காலண்டரில் குறித்து வைத்தால், பரீட்சை நேரத்தில் வீட்டில் சண்டை வராது.